பதினான்காம் வளைவு

ஐந்தே முக்கால். பனி இன்னும் சாலையை விடவில்லை.
ஏழு மணி டியூட்டிக்குச் சேலம் இறங்கிக்கொண்டிருந்தேன்.
14/20 என்று எழுதிய பலகைக்குக் கீழே
ஒரு டிவிஎஸ் எக்ஸல், ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு,
இன்ஜின் அணையாமல்.
பக்கத்தில் மல்லாந்து அவர்.
தனக்கு ஏதோ ஆகிறது என்று தெரிந்து
ஓரங்கட்டி, இறங்கி,
அப்புறம்தான் விழுந்திருக்கிறார்.
அந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தோளைத் தட்டினேன். காதோரம் கத்தினேன்.
மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது,
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

குறட்டை மட்டும்.
வேறு யாரும் கேட்டால் தூங்குகிறார் என்பார்கள்.
நாக்கு பின்னால் சரிந்து
வாசலை அடைத்துப் படுத்துக்கொண்ட சத்தம் அது.

பதினோரு வருஷம் ஐ.சி.யூ.வில் நின்றவள்.
அங்கே மூச்சுக்கு ஒரு கோடு, துடிப்புக்கு ஒரு கோடு,
கோடு படுத்தால் கூவ ஒரு பெட்டி,
கூவினால் ஓடிவர நான்கு பேர்.
இங்கே என்னிடம் இருந்தவை
இரண்டு கை, ஒரு கன்னம்,
எலுமிச்சை சோறு கட்டிய டிபன் பாக்ஸ்.

நெற்றியை அழுத்தித் தாடையை நிமிர்த்தினேன்.
குறட்டை நின்றது.
நின்றது நல்லதற்கா என்று
கன்னத்தை அவர் வாயருகே வைத்தேன்.
சில்வண்டுகளே, பத்து வினாடி,
பத்தே வினாடி சும்மா இருங்கள்.
வந்தது. வெதுவெதுப்பாக, பீடி வாசத்தோடு.
மறுபடி வந்தது.
கழுத்தில் இரண்டு விரல் வைத்தால்
விரல்கள் குளிரில் மரத்திருந்தன;
துடிப்பது அவரா நானா?
நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணலாம் என்றால்
என்னிடம் வாட்சும் இல்லை.
சுவரில் கடிகாரம் இருக்கிற இடத்திலேயே
வாழ்ந்து பழகிவிட்டேன்.

போனில் ஒரு கோடு டவர்கூட இல்லை.
பதின்மூன்றாம் வளைவில் கிடைக்கும், எனக்குத் தெரியும்,
தினமும் அங்கேதான் என் மகள் குட்மார்னிங் வந்து விழும்.
தாடையை விட்டால் நாக்கு சரியும்.
விடாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

என் பக்கமாக அவரைப் புரட்டினேன்.
மேல் முழங்காலை மடக்கி முட்டுக் கொடுத்து,
அவர் கையையே அவர் கன்னத்துக்குத் தலையணையாக்கி,
வாய் தரையைப் பார்க்கிற மாதிரி.
வகுப்பில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தபடி
நாங்கள் பழகிய பாடம்.
கடைவாயிலிருந்து எச்சில் ஒழுகியது.
ஒழுகட்டும், உள்ளே போகாமல் ஒழுகட்டும்.
எக்ஸலை அணைத்தேன்.
ஓடினேன்.

நர்ஸ் ஷூ இறக்கத்துக்கு ஆகாது.
வழியெல்லாம் ஒரே நினைப்பு:
போகும்போது உயிரோடு விட்டேன்,
போகும்போது உயிரோடு விட்டேன்.
நூற்றெட்டில் அந்தப் பெண் "லேண்ட்மார்க் என்ன மேடம்?" என்றாள்.
பதினாலாவது வளைவு என்று மூன்று முறை கத்தினேன்.
"ஏறும்போதா, இறங்கும்போதா?"
அம்மா, பலகை ஒன்றுதான்.

மூச்சு வாங்க ஏறி வந்தால்
என் இடத்தில் ஒரு குரங்கு.
அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தி,
மடியில் என் டிபன் பாக்ஸ்,
சோற்றை அள்ளுவதும்
அவரை எட்டிப் பார்ப்பதுமாக.
விரட்டத் தோன்றவில்லை.
எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தேன்.
வந்தது. பீடி வாசம்.

அப்புறம் இருபது நிமிஷமோ நாற்பதோ.
பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி,
"தண்ணி தெளிங்கக்கா" என்றார், "சாவியைக் கையில குடுங்க" என்றார்.
கீழே போய் ஆம்புலன்ஸுக்குக் கை காட்டுங்கள் என்றேன்,
காட்டினார், கடைசிவரை காட்டினார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண் பாதி திறந்து
என்னைப் பார்க்காமல் வண்டியைத் தேடினார்.
"சாவி என்கிட்ட இருக்கு" என்றேன்.
கண் மூடிக்கொண்டது.
சீட்டில் எழுதினார்கள்:
ஆண், சுமார் ஐம்பது, பெயர் தெரியவில்லை.

சாவியைக் கொடுக்க மறந்ததே
வார்டுக்குள் போன பிறகுதான் உறைத்தது.
பெரியாஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் செய்தேன்,
மூன்று முறையும் லைனில் இருக்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் ஐந்து ரோட்டில் இறங்கி
வினாடி முள் இருக்கிற வாட்ச் ஒன்று வாங்கினேன்.
பட்டை கொஞ்சம் பெரிசு.
சாவி இன்னும் என் பையில்.
எக்ஸல் நாளையும் அங்கேயே நிற்கும் என்று நினைக்கிறேன்,
ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு.